பல்லவிக்குத் திரும்பும் சபை

கிறிஸ்தவக் கீர்த்தனையில் அருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் உருக்கமான சரணத்தைக் காட்டுவார்கள். நான் பல்லவியைக் காட்டுவேன். சரணத்தில் பாடுகிறவர் தன் பாவத்தையும் தளர்ச்சியையும் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே போகிறார். சொல்லி முடித்ததும் பல்லவி வந்துவிடுகிறது. முதலில் பாடிய அதே சொற்கள், அதே மெட்டு. ஆனாலும் புதிதாகக் கேட்கிறது. அந்தப் புதுமையை அவர் சம்பாதிக்கவில்லை. பாட்டே அவருக்குக் கொடுத்துவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் இதைச் சொல்லும்போது மோசே வத்சலம் சாஸ்திரிகளை நினைக்காமல் இருக்க முடியாது. திருவிதாங்கூரின் இசை மன்னர் சுவாதித் திருநாள் மறைந்த மறு ஆண்டு, 1847-ல், நெய்யாற்றின்கரை அருகே திருப்புறத்தில் பிறந்தவர். லண்டன் மிஷன் சபைக் கவிஞர். தமிழ்க் கீர்த்தனையின் வடிவத்தில் மலையாளத்தில் எழுதினார், 1916-ல் மறைந்தார். தன்னை முழுக்க ஆண்டவரின் சித்தத்துக்கு விட்டுவிடும் அவருடைய வேண்டுதல் பாட்டை இன்றும் பிரிவு பார்க்காமல் கேரளச் சபைகள் பாடுகின்றன.

அந்த வடிவம் தஞ்சாவூரில் ஊறியது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த வேதநாயகம் சாஸ்திரியார், ‘பெத்லகேம் குறவஞ்சி’யை இயற்றியவர், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் அங்கே கீர்த்தனைகளைப் பொழிந்துகொண்டிருந்தார். அந்த மன்னரின் அவையில் இருந்த இசைக் கலைஞர் வடிவேலு பின்னர் சுவாதித் திருநாளிடம் வந்து சேர்ந்தார். தென் திருவிதாங்கூரின் மயிலாடியிலிருந்து போன, அங்கே சபைக்கு வித்திட்ட மகாராசன் வேதமாணிக்கமும் தஞ்சாவூரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். அரண்மனைக்கும் சபைக்கும் வழி ஒரே ஊரிலிருந்து வந்தது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கீர்த்தனையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்க் கேளுங்கள். பல்லவி பெரும்பாலும் மத்திய ஸ்தாயியில், எல்லாருடைய தொண்டைக்கும் எட்டுகிற இடத்தில் நிற்கும். அனுபல்லவி மேல் ஷட்ஜத்தைத் தொட்டு வரும். சரணம் தாழ்வில் தொடங்கும். பாடகர் குழுவில் இரண்டு மூன்று குரல்கள்தான் அதைத் தாங்கும். பல கீர்த்தனைகளில் சரணத்தின் கடைசி வரிகள் அனுபல்லவியின் மெட்டிலேயே ஏறும். அந்த ஏற்றத்தைக் கேட்டதும் பின்வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் தெரிந்துவிடும், பல்லவி வரப்போகிறது. எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் தட்டு விழுந்து அரை இடம் தள்ளி இருந்தால் இன்னும் அழகு. தட்டு விழும், ஒரு மூச்சு இழுக்கப்படும், பிறகு சபை முழுவதும் உள்ளே வரும். ஒருவருடைய அறிக்கையாக இருந்த பாட்டு எல்லாருடைய நன்றியாகிவிடும் கணம் அது. மறுபிறப்பைப் பற்றி நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் உள்ள மலங்கரைக் கத்தோலிக்கப் பேராலயத்தில் திரும்பி வருதல் வேறு கணக்கில் நடக்கிறது. சுரியானி மரபில் மெட்டுகள் எட்டு வகை, ‘நிறம்’ என்பார்கள். வாரத்துக்கு ஒரு நிறம் என்று மாறி, எட்டு முடிந்ததும் முதல் நிறம் மறுபடி வரும். ஜெபம் அதேதான், நிறம் வேறு. கீர்த்தனை ஐந்து நிமிடத்தில் செய்வதை இவர்கள் இரண்டு மாதத்தில் செய்கிறார்கள்.

உலகம் முழுக்க அருளின் பாட்டாகத் தெரிந்த ‘அமேசிங் கிரேஸ்’, அடிமைக் கப்பலின் தலைவராக இருந்து போதகரான ஜான் நியூட்டன் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. இன்று நாம் பாடும் மெட்டு 1835-ல் அமெரிக்காவில்தான் அதனோடு சேர்ந்தது. ஐந்தே சுரங்கள், நம் காதுக்கு மோகனம். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஆனால் அதில் பல்லவி கிடையாது. கண் திறந்த கதையை அது சொல்லிக்கொண்டே முன்னே போகிறது. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் கண் மறுபடி திறக்கிறது.

அதனால்தான் கீபோர்டில் பதிந்த தாளத்தை ஓடவிட்டுக் கீர்த்தனை பாடுவதைக் கேட்டால் மனம் வலிக்கிறது. அந்தத் தாளம் யாருக்காகவும் நிற்காது. எடுப்பு தட்டோடு ஒட்டிக்கொள்ளும், சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவிலிருந்த மூச்சு போய்விடும், சபை இழுபட்டுக்கொண்டு பின்னால் ஓடும். கருவியைக் குறை சொல்லவில்லை. ஆர்மோனியமும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதான். ஓய்வுநாள் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குக் கையால் ஆதி தாளம் போடவும், அரை இடம் பொறுத்து எடுக்கவும் சொல்லிக்கொடுத்தால் போதும். கீபோர்டு வாசிப்பவர் அந்தக் கைகளைப் பார்த்து வாசிக்கட்டும்.