காப்புரிமையை வாசிப்பவர் யார்?

கொழும்பிலிருந்து புத்தளம் வரும் வீதியில், கல்பிட்டிக்குத் திரும்புகிற இடம் பாலாவிச் சந்தி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் உப்புப் பாத்திகள் கிடக்கின்றன. சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிகிறது. கல்பிட்டி வீதியில் போனால் நுரைச்சோலை அனல்மின் நிலையம். தெற்கே முந்தல், சிலாபம் என்று இறால் பண்ணைகள். வேதியியலையும் பொறியியலையும் இவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கும் கரையோரம் இலங்கையில் வேறு இருக்குமா தெரியவில்லை. இவற்றில் வெயிலை நம்பிய உப்பளம் ஒன்றுதான் யாருடைய காப்புரிமைக்கும் கடன்படாமல் பிறந்தது. மற்றவை எல்லாம் எங்கோ ஒருவர் பதிந்த தாள்களின் மேல் நிற்கின்றன.

காப்புரிமை பற்றி நம் பக்கத்தில் இரண்டு பேச்சுகள்தான் உண்டு. பாடசாலைப் பிள்ளை ஒன்று ஏதாவது கருவி செய்தால், 'உடனே பேட்டன்ட் எடுங்கோ, இல்லாட்டி வேறு யாரும் அடிச்சிருவாங்க' என்பது ஒன்று. வெளிநாட்டுக் கம்பனிகள் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருப்பதால்தான் நாம் முன்னேறவில்லை என்பது மற்றது. இரண்டுமே அந்தத் தாளுக்கு அதன் தகுதிக்கு மேலான வலிமையைக் கொடுத்துவிடுகின்றன.

சட்டம் சொல்வது ஒரு கொடுக்கல் வாங்கல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கண்டுபிடிப்பு புதியதாக இருக்கவேண்டும், துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாததாக இருக்கவேண்டும், தொழிலில் பயன்படவேண்டும். இருந்தால் 20 ஆண்டுத் தனியுரிமை. அதற்கு ஈடாகக் கண்டுபிடித்தவர், அத்துறையில் தேர்ந்த ஒருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்குத் தன் முறையை எழுதிக்கொடுக்கவேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் உரிமை முன்கூட்டியே போய்விடும். 'தேர்ந்த ஒருவர்' என்ற சொல்லை எல்லோரும் வேகமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு முழு விவகாரமும் அதில்தான் இருப்பதாகப் படுகிறது.

சீமெந்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் 'போர்ட்லண்ட் சீமெந்து' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். சுண்ணக்கல்லைச் சுடு, களிமண்ணோடு குழை, உலர்த்து, மறுபடி சுடு, அரை. சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான். எந்த விகிதத்தில் கலப்பது, எவ்வளவு வெப்பத்தில் சுடுவது என்பதற்கு எண்ணே கிடையாது. இன்று அருவக்காட்டிலிருந்து ரயிலில் வரும் சுண்ணக்கல் பாலாவிச் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் பாதி உருகிக் கட்டியாகிறது. அந்தக் கட்டியாகும் நிலைதான் நவீன சீமெந்தின் உயிர். ஆஸ்ப்டினின் தாளில் அது இல்லை. அவருடைய மகன் வில்லியமும், ஐசக் ஜோன்சன் என்ற போட்டியாளரும் 1840களில் சூளையோடு மல்லுக்கட்டித்தான் அதைத் தொட்டார்கள். மல்லுக்கட்ட ஆளும் சூளையும் இருந்தபடியால் அந்த அரைகுறைத் தாளே போதுமாயிற்று. சுழலும் சூளையின் கதையும் இதேதான்: ஃபிரடெரிக் ரான்சம் 1885இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார், ஆனால் அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது அடுத்த பத்தாண்டில், அமெரிக்காவில், வேறு கைகளில்.

புத்தளத்தில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தபோது இந்தக் காப்புரிமைகள் எல்லாம் செத்துப் பல தலைமுறை ஆகியிருந்தன. பூட்டு இல்லை, கதவு திறந்தே கிடந்தது. ஆனாலும் இயந்திரங்கள் கடல் கடந்துதான் வந்தன. தொழிற்சாலையும் அரசிடமிருந்து தனியார் கைக்குப் போய், பல கை மாறி, 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்து நிறுவனத்திடம் சேர்ந்தது. காலாவதியான காப்புரிமை எவருக்கும் தொழிற்சாலை கட்டிக்கொடுக்காது. 'வெளிநாட்டுக்காரன் பூட்டி வைத்தான்' என்ற வாதம் என்னிடம் எடுபடாமல் போவது இந்த இடத்தில்.

இதை வைத்துக் காப்புரிமை வீண் என்று சொல்லிவிட்டால் அதுவும் நேர்மையாகாது. இறால் பண்ணைகளைப் பார்க்கவேண்டும். 1996இல் வெண்புள்ளி வைரஸ் இந்தக் கரையில் இறங்கியது. 1998இல் மீண்டும் அடித்தது. நோய் தொற்றினால் சில நாட்களில் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். ஒல்லாந்தர் வாய்க்காலிலும் முந்தல் களப்பிலும் ஒரு பண்ணை வெளியேற்றும் நீரைத்தான் அடுத்த பண்ணை உள்ளெடுக்கிறது. ஆகவே அயலவனின் நோய் தன் நோய். குளத்தில் விடுமுன் குஞ்சுக்கு வைரஸ் உண்டா என்று கண்டறியக் கைகொடுத்தது பீசீஆர் சோதனை. கெரி முல்லிஸ் கண்ட இந்த முறைக்கு 1987இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1991இல், முல்லிஸ் வேலை செய்திருந்த செட்டஸ் நிறுவனம் அந்த உரிமைகளை 30 கோடி டொலருக்கு ரோஷ் நிறுவனத்திடம் விற்றது. அடிப்படைக் காப்புரிமைகள் 2005, 2006 அளவில் முடிந்தன. தனியுரிமை நடப்பிலிருந்த காலத்திலேயே அம்முறை உலகின் ஆய்வுகூடங்களெல்லாம் பரவியது. ஒரு கம்பனி அதில் பணம் போட்டதும், இன்னொரு கம்பனி அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் தனியுரிமை இருந்தபடியால்தான். விலை கூடியது என்ற முறைப்பாடும் அதே காரணத்தால் எழுந்தது, இரண்டும் உண்மை.

ஆனால் இறாலைக் காப்பாற்றியது சோதனை மட்டுமல்ல. பிரதேசங்களை வலயம் வலயமாகப் பிரித்து, இந்த வலயம் இந்த மாதங்களில் குஞ்சு விடலாம், அந்த வலயம் காத்திருக்கவேண்டும் என்று பண்ணையாளர் சங்கங்களும் அரச அதிகாரிகளும் சேர்ந்து ஒரு பயிர் நாட்காட்டி போட்டார்கள். ஒரே வாய்க்கால் நீரைப் பகிரும் பகையாளிகளைக்கூட ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்த ஏற்பாடு அது. என் கணக்கில் இந்தக் கரையோரம் தந்த சிறந்த தொழில்நுட்பச் சிந்தனை அதுதான். அதற்குக் காப்புரிமை கேட்டால் கிடைக்காது: திட்டங்கள், விதிகள், தொழில் நடத்தும் முறைகள் கண்டுபிடிப்பாகா என்று சட்டம் தெளிவாக ஒதுக்கிவைக்கிறது. ஒதுக்கியது நல்லதே. யாராவது ஒருவர் அந்த நாட்காட்டியைச் சொந்தமாக்கியிருந்தால் அது நாட்காட்டியாகவே இருந்திராது. என் குறை வேறு. பரிசும் சான்றிதழும் புத்தாக்கத்தைக் காப்புரிமை எண்ணிக்கையால் அளக்கும்போது, ஊரே சேர்ந்து செய்த இத்தகைய வேலை எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

உப்பளத்துக்கு வருவோம். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் சுண்டவிடுகிறோம். முதலில் ஜிப்சம் படியும். அடர்த்தி போமே அளவில் 25ஐத் தாண்டியதும் உப்பு பூக்கத் தொடங்கும். 30 நெருங்கும்போது நீரை இறக்கிவிடவேண்டும். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும், மழைக்காலத்தில் கசியும். இறக்கிவிடும் அந்தக் கசப்பு நீர் பெரும்பாலும் கழிவாகவே போகிறது. அதற்குள் மக்னீசியம், புரோமின், பொட்டாஷ் மூன்றும் இருக்கின்றன.

இதே மாவட்டத்தில், லுணுவிலையில், தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காய்க்கும் தென்னைக்கு அவர்கள் பரிந்துரைக்கும் பசளைக் கலவையில் அதிக எடை பொட்டாஷுக்குத்தான். அந்தப் பொட்டாஷ் கப்பலில் வருகிறது. இந்தியாவின் பாவ்நகரில் 1954இல் தொடங்கிய மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம், இந்தக் கசப்பு நீரிலிருந்து பொட்டாஷ் பசளை எடுக்கும் முறைகளுக்கு அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றிருக்கிறது. அந்த ஆவணங்களை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு நாட்டில் பதியாத காப்புரிமை அந்த நாட்டில் செல்லாது என்பதையும் பலர் அறிவதில்லை. அமெரிக்கத் தாள் அமெரிக்காவைத்தான் கட்டும். இங்கும் பதிந்திருக்கிறார்களா என்று கொழும்பில் புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடிப் பார்த்தால் போதும்.

உடனே பாலாவியில் பொட்டாஷ் தொழிற்சாலை கட்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் உப்பு 27 கிராம் அளவு. பொட்டாசியம் குளோரைட்டு ஒரு கிராமுக்கும் குறைவு. 1000 தொன் உப்பு அடங்கிய கடல்நீரில், ஒரு துளி சிந்தாமல் பிரித்தாலும் அது 30 தொன்னைத் தொடாது. பாவ்நகர் முறை பெரிய உப்பளங்களுக்கும் நீண்ட வறண்ட காலத்துக்கும் பொருந்தும். இங்கே மழை தவறி வந்தால் உப்பே கரைந்துவிடும். 2025இல் நாடே உப்பு இறக்குமதி செய்யவேண்டி வந்ததை மறக்கமுடியாது. ஆகவே கணக்கு இலாபத்தில் முடியுமா, நட்டத்தில் முடியுமா என்பதை மேசையில் இருந்து சொல்லமுடியாது. அந்தக் கசப்பு நீரைப் பருவம் பருவமாக அளந்து, காப்புரிமை ஆவணத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, பத்துப் பாத்தியில் செய்துபார்க்க ஒருவர் வேண்டும்.

சட்டம் 'அத்துறையில் தேர்ந்த ஒருவர்' என்று கற்பனை செய்வது அவரைத்தான். வெண்புள்ளி நோய்க்குச் சோதனை செய்யப் பழகிய கைகள் இருந்தபடியால் முல்லிஸின் தாள் இந்தக் கரைக்குப் பயன்பட்டது. ஆனால் பிள்ளைகளுக்குக் காப்புரிமை எடுக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எடுத்ததை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. புத்தளத்துப் பாடசாலை ஒன்றின் இரசாயனவியல் கூடத்தில் பாவ்நகர் ஆவணத்தின் ஒரு பக்கமும் ஒரு போத்தல் உப்பளக் கழிவுநீரும் மேசைக்கு வந்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை. தண்ணீர் எடுக்க பாலாவிக்கு பஸ்ஸில் போனால் போதும்.