தஞ்சைச் சுவரில் ஒரு நாவல்

தஞ்சாவூர் பார்க்கப் போகிறவர்களை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு விதம். கதையைப் பார்க்கப் போகிறவர்கள் மற்றொரு விதம். என் நண்பர் இரண்டாவது விதத்தைச் சேர்ந்தவர். பாங்கு உத்தியோகஸ்தர். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை ஆறு தடவை படித்தவர். நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்ததும், "வாங்க ஐயா, வந்தியத்தேவன் நடந்த மண்ணை மிதித்துவிட்டு வரலாம்" என்று என்னைக் கிளப்பிவிட்டார்.

ரயிலடியில் இறங்கிக் காப்பி சாப்பிட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பழுவேட்டரையர் மாளிகை எந்தப் பக்கம் இருந்திருக்கும்?" என்பதுதான். ஆட்டோக்காரர் எங்களை அரண்மனை வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அரண்மனை இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது நாயக்கர்கள் எழுப்பி, மராட்டிய மன்னர்கள் வாழ்ந்த அரண்மனை. சோழர் மாளிகையின் ஒரு தூணைக்கூட அங்கே காட்டுவார் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அந்தத் தீக்குப் பிறகு கதையில் வரும் நிலவறையைத் தேடி என்ன பயன்? நண்பர் முகம் வாடிவிட்டது. கலைக்கூடத்து வெண்கலச் சிலைகள் அவரைச் சிறிது தேற்றின. தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கியதும் பாதி சமாதானம் ஆகிவிட்டார்.

மாலை நான்கு மணிக்குப் பெரிய கோயிலுக்குப் போனோம். கல்தரை கொதித்தது. நிழல் தேடி ஓடி ஓர் இடத்தில் நின்றோம். பக்கத்தில் ஒரு வழிகாட்டி பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, "இந்த விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். நண்பரும் வியந்தார். அவர்கள் எல்லாரும் நின்றிருந்தது விமானத்தின் நிழலில்தான்!

சிரிப்பு வந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்த வழிகாட்டிக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று தோன்றிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுமார் இருநூறு அடி உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும் இந்தக் கோயிலைக் கட்டியவன் யார் என்ற விஷயமே வெகுகாலம் மறந்துபோயிருந்தது. கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொல்லிற்று. எல்லாரும் அதையே நம்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளைப் படித்துச் சொன்ன பிறகுதான் முதலாம் ராஜராஜன் பெயர் வெளிவந்தது. அவன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆவது நாளில், அதாவது 1010-ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் கலசம் கொடுத்தான் என்று நாள் கணக்கோடு அங்கே வெட்டியிருக்கிறது. சுவரில் உண்மை இருந்தது. வாயில் கதை இருந்தது. கதைதான் வென்றது.

நண்பருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அன்று எங்களோடு வந்திருந்தார். கல்வெட்டுப் படிப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு. புள்ளி வைக்காத அந்தப் பழைய எழுத்து எங்களுக்குப் பிடிபடவே இல்லை. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். தான் கொடுத்ததையும், தன் அக்காள் கொடுத்ததையும், தன் மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட உத்தரவைக் காட்டினார். அந்த அக்காள் குந்தவை. அவள் கொடுத்த கொடைகளைச் சொல்லும் கல்வெட்டு, அவளை வல்லவரையர் வந்தியதேவருடைய தேவியார் என்று சொல்கிறது.

நண்பர் துள்ளிக் குதித்தார். "பார்த்தீங்களா ஐயா, நம்ம ஆள்!" என்று கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவருடைய ஆனந்தத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு நாவலாசிரியனின் வல்லமைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குந்தவையின் கணவன் என்பதற்கு மேல் கல்வெட்டு அவனைப் பற்றி அதிகம் பேசவில்லை. அந்தப் பெயரை எடுத்துக் குதிரைமேல் ஏற்றி, ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் வீரநாராயண ஏரிக்கரையில் விட்டார் கல்கி. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் அவன் பின்னால் தமிழ்நாடே ஓடிற்று. 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்தபோது பேரன் பேத்திகளும் ஓடினார்கள். நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சரித்திர நூல்களைப் படித்து, அவற்றில் விட்டுப்போன இடங்களைக் கற்பனையால் நிரப்பினார் கல்கி. சரித்திரம் வாய் மூடும் இடத்தில் கதை வாய் திறக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் சரித்திரம் வாய் திறந்து பேசும் இடத்தில் கதை என்ன செய்தது?

ஆசிரியர் எங்களைச் சுற்றுச் சுவர்ப் பக்கம் அழைத்துப்போய் ஒரு நீண்ட கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். கோயிலில் ஆடுவதற்காக ராஜராஜன் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து நானூறு பெண்களைக் கொண்டுவந்து தஞ்சையில் குடியேற்றினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை, திருவையாறு என்று எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள் என்பது ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்த நெல்லை ஆடவல்லான் என்ற மரக்காலால் அளக்கவேண்டும். ஒருத்தி இறந்துபோனாலும் வெளியூர் போனாலும் நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை ஏற்பாடு செய்யவேண்டும்.

மறுநாள் காலை சரஸ்வதி மகால் நூல்நிலையத்துக்குப் போனோம். கல்வெட்டுத் தொகுதியின் அச்சுப் புத்தகத்தில் அந்தப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சோழகுலசுந்தரி, மறைக்காடு, எடுத்தபாதம் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலான பெயர்களுக்கு முன்னால் 'நக்கன்' என்ற சொல் நிற்கிறது. அது சிவனுடைய பெயர். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சாமி பெயர்! அவர்களுக்குப் பின்னால் நட்டுவம் செய்கிறவர்கள், பாடுகிறவர்கள், குடை பிடிக்கிறவர்கள், விளக்கு ஏற்றுகிறவர்கள், நீர் தெளிக்கிறவர்கள், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தட்டார், கணக்கர் என்று ஒரு முழு ஊரே வரிசையில் நிற்கிறது.

எடுத்தபாதம் என்ற பெயரில் என் கண் நின்றுவிட்டது. தூக்கிய திருவடி என்று பொருள். ஆடப் பிறந்த குழந்தைக்கு ஆடுகிறவனுடைய காலையே பெயராக வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகு! எவ்வளவு கனம்! அந்தக் குழந்தை வேறு எதுவும் ஆகமுடியாது என்று பெயரிலேயே எழுதியாயிற்று.

இங்கேதான் என் மனம் குறுகுறுத்தது. சில ஆண்டுகளுக்கு முன்னால் நானும் ஒரு வாரப் பத்திரிகையில் சோழர் காலத் தொடர்கதை எழுதினேன். அதில் ஓர் ஆடல்மகள் வருகிறாள். புஷ்பலோசனா என்று பெயர் வைத்தேன். அவளுக்கு வீடு கிடையாது. எப்போதும் நந்தவனத்தில்தான் இருப்பாள். சாப்பிட மாட்டாள், பெருமூச்சு விடுவாள். அவள் இடையைப் பற்றி மட்டும் ஓர் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். பத்தாவது வாரத்தில் அவளை உளவாளி ஆக்கினேன். இருபதாவது வாரத்தில் வீரனுக்காக உயிரை விடச் செய்தேன். வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. சுவரில் நானூறு பெண்கள் வீட்டு விலாசத்தோடு காத்திருந்தபோது, நான் விலாசமே இல்லாத ஒருத்தியைப் படைத்துச் சாகடித்திருக்கிறேன். நிழலில் நின்றுகொண்டு நிழலே இல்லை என்று சொல்வது வேறு என்ன?

என்னுடைய குற்றம் மட்டும் அன்று. நம் சரித்திர நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே வாசல்கள்தான்: ஒன்று அந்தப்புரம், மற்றொன்று போர்க்களம். நடுவிலே உள்ள தெருக்களில் கதாநாயகன் குதிரைமேல் போகிறான். இறங்கி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது அபூர்வம். கல்கிக்கு ஓடக்காரப் பெண்ணைக் கதைக்குள் கொண்டுவரும் மனம் இருந்தது. பூங்குழலி நம் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம், அவள் துடுப்புப் பிடித்து வேலை செய்கிறாள் என்பதே. அவருக்குப் பின்னால் வந்த நாங்கள் அவருடைய குதிரையை எடுத்துக்கொண்டோம், துடுப்பை விட்டுவிட்டோம். பெரிய கோயில் எழுந்த கதையைப் பாலகுமாரன் 'உடையார்' என்று விரிவாக எழுதினார். அதில் வேலை செய்யும் ஜனங்கள் நடமாடுகிறார்கள். அந்த வகையில் அது ஒரு நல்ல அடி. ஆனால் புத்தகத்தின் பெயர் அரசனைக் குறிப்பதுதான்.

திரும்பும் ரயிலில் நண்பரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீங்க. கல்கி எழுதியதால்தான் நான் தஞ்சாவூருக்கு வந்தேன். நானூறு பேர் ஜாபிதாவை அச்சடித்துக் கொடுத்திருந்தால் வந்திருப்பேனா? உங்க பட்டியல் யாரைக் கண்கலங்க வைக்கும்?" என்றார்.

நியாயமான கேள்வி. பட்டியல் நாவல் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு நாவலுக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. அரசன் ஆணை வருகிறது. திருவாரூரில் ஒரு பெண் சலங்கையை மூட்டை கட்டுகிறாள். அவளோடு யார் வந்தார்கள்? யார் பின்தங்கினார்கள்? புதுத் தெருவில், முன்பின் அறியாத முகங்களுக்கு நடுவில், முதல் இரவு எப்படிக் கழிந்தது? நூறு கலம் நெல் நிச்சயம்; ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடிந்ததா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அரசனுடைய கல் அரசனுடைய கணக்கைத்தான் சொல்லும். அங்கே, அந்த இடத்தில், கதை வாய் திறக்கவேண்டும். வந்தியத்தேவனுக்கு ஒரு கல்வெட்டு வாசகம் போதுமாக இருந்ததென்றால் எடுத்தபாதத்துக்கும் ஒன்று போதாதா? கண்கலங்க வைப்பது பட்டியலின் வேலை அன்று, எழுதுகிறவனுடைய வேலை. அதை நாங்கள் செய்யவில்லை.

தன் பெருமையைச் சொல்வதற்கு எழுப்பிய கோயிலில், தையற்காரன் பங்கையும் நாவிதன் பங்கையும் எழுதிவைக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசனுக்குத் தோன்றியிருக்கிறது. அவன் கணக்குக்காக எழுதினான். கருணைக்காக என்று நான் சொல்ல வரவில்லை. எப்படியானாலும் எழுதினான். அவனைப் பற்றிக் கதை எழுதிய எங்களுக்கு அது தோன்றவில்லை.

நண்பர் வெகு நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி சீர்காழியைத் தாண்டியபோது, "அந்தப் பெண் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி யார் என்றுகூட எழுதியிருக்குமே?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கிறது" என்றேன்.

"அப்ப இரண்டு பேருக்கும் சண்டை வந்திருக்கும்" என்றார் அவர்.

என் தொடர்கதையின் இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் சொல்லியனுப்பியபடி இருக்கிறார். புஷ்பலோசனாவை என்ன செய்வது என்று தெரியாமல் நான் இன்னும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை.