மங்கலப் பெயரும் வினைக் கொள்கையும்

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் அன்பர் சிலர் கூடிப் பெரியபுராணம் பயின்றுவருங்கால் ஒருநாள் ஓர் ஐயம் எழுந்தது. அவ்வூர் பனியன் தொழிலோடு கூடி வாழ்வது. அப்பனியன்களுக்கு வேண்டும் நூலைக் கோவை, ஈரோடு, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களின் நூற்பாலைகள் தருகின்றன. அவ்வாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரால் மணமாகாத இளம்பெண்கள் அமர்த்தப்பட்டு இன்னலுற்ற செய்தி பேச்சிடை வந்தபோது, "அஃது அவரவர் வினைப்பயன், அதற்கு நாம் யாது செய்வது?" என்றார் ஒருவர். சைவர் நாவில் எளிதாக எழும் இம்மொழி சைவசித்தாந்தத்திற்கு ஒத்ததாமா என்று ஆராய்தல் நம் கடனாகின்றது.

அத்திட்டத்தின் இயல்பை முதற்கண் சுருங்கக் கூறுவாம். வறிய குடும்பத்துப் பெண்கள், தென்மாவட்டச் சிற்றூர்கள் முதலியவற்றினின்று தரகர் வாயிலாகச் சேர்க்கப்பட்டனர். அவருட் பதின்பருவத்தினர் பலர். ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. பெரும்பாலும் மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தல் வேண்டும். திங்கள்தோறும் சிறுதொகையே கைக்கு வரும். தவணை முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை ஒருங்கே கிடைக்கும். அது திருமணச் செலவிற்கு உதவும் என்பது வாக்குறுதி. தவணை முடியுமுன் நோயாலோ பிறவாற்றாலோ நீங்கினவள் அத்தொகையை இழத்தல் பல ஆலைகளில் நிகழ்ந்தது. நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சி நிறுவனமாகிய சோமோவும், அந்நாட்டின் இந்தியக் குழுவும் 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகள் இவற்றை உலகறியச் செய்தன. அதன்பின் அப்பெயரை வெளிப்பட வழங்குதல் அருகிற்று. பெயர் அருகினும் அதனைத் தாங்கி நின்ற வாதங்கள் அழிந்தில. ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவாம்.

இனி, அப்பெயரைப் பற்றி ஒரு சொல். 'சுமங்கலி' என்பது இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டலத்தின் திருமணச் சூக்தத்திலேயே மணமகளைக் குறித்து வழங்கும் தொன்மொழி. மங்கலமென்பதோ 'சிவம்' என்னும் திருநாமத்தின் பொருளேயாம். இறைவன் பெயர்ப்பொருளாகிய ஒரு சொல்லை எடுத்து, கூலியை நிறுத்திவைக்கும் ஓர் ஏற்பாட்டிற்கு மேற்போர்வையாக்கியது சொற்குற்றம் மட்டுமன்று; பொருட்குற்றமுமாம்.

முதல் வாதம்: "பெண்ணுக்குத் திருமணம் நடத்தப் பொருள் சேர்த்துக் கொடுப்பது அறமன்றோ?" என்பது. வரதட்சிணை கொடுத்தலும் வாங்கலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாட்டில் விலக்கப்பட்டன. விலக்கப்பட்ட அவ்வழக்கம் நாட்டில் நிற்பதனாலன்றோ ஏழைப் பெற்றோர் அஞ்சுகின்றனர்? அவ்வச்சத்தை ஆளெடுக்கும் கருவியாகக் கொள்ளுதல் அறமாமாறு எங்ஙனம்? அன்றியும், மணந்தாலன்றிப் பெண்ணுக்கு மங்கலமில்லை என்பது சைவ நூற்றுணிபும் அன்று. கலிப்பகையார் போரில் மாய்ந்தபின் மணமின்றியே வாழ்ந்த திலகவதியாரன்றோ திருவதிகையில் திருத்தொண்டு புரிந்து, தம் தம்பியாரைச் சைவத்திற்கு மீட்டுத் தந்தார்? அவ்வம்மையார் இலரேல் நாவுக்கரசரும் நமக்கு இலர். ஒரு பெண்ணின் மதிப்பை அவள் மணத்தைக் கொண்டு அளப்பார் இவ்வரலாற்றை மீண்டும் ஒருகால் ஓதுவாராக.

இரண்டாம் வாதம்: "கையில் கொடுத்தால் செலவாகிவிடும், அவள் நன்மைக்கே பணத்தை நாங்கள் வைத்துக் காக்கின்றோம்" என்பது. உழைத்த அன்றே கூலி உழைத்தவளுடையதாகிவிட்டது. ஊதியக் காலம் ஒரு திங்களுக்கு மேற்படலாகாதென 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கற் சட்டமே வரையறுத்தது. அதனைத் தன்னுள் அடக்கி 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வெல்லையை மாற்றவில்லை. எனவே, நிறுத்திவைத்த கூலி முதலாளியின் கொடையன்று. பிறர் பொருள், அடைக்கலப் பொருள் என்க. அடைக்கலப் பொருளின் நிறை எத்துணையது என்பதை அமர்நீதி நாயனார் புராணம் காட்டும். துகில் விற்கும் வணிகராகிய அவர், தம்பால் வைத்த கோவணம் ஒன்று காணாமற்போக, அதற்கு ஈடாகத் தம் பொருளனைத்தையும் தட்டில் இட்டும் நிறை ஒவ்வாமையின், மனைவியாரோடும் மகனாரோடும் தாமும் ஏறினார். தாம் கவராத ஒரு துணிக்கே அவர் அவ்வாறு செய்தனர். தாமே நிறுத்திவைத்த மூன்றாண்டுக் கூலியை, நாட்கணக்குக் குறைந்ததென்று கூறி மறுப்பார் எந்தத் தட்டில் ஏறுவர்?

மூன்றாம் வாதம்: "வெளியே தீங்கு மிகுதி, விடுதியில் அடைத்துவைத்தல் பெண்களுக்குக் காவல்" என்பது. வாயிற்கதவைப் பூட்டுதல் வெளியிலிருந்து வரும் தீங்கை ஒருகால் தடுக்கலாம். உள்ளிருந்து வரும் தீங்கிற்கு அதுவே அரணாகிவிடும். 2021 சனவரித் திங்களில், திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். அவ்வாலையின் மேற்பார்வையாளன் ஒருவன்மீதே குற்றம் சாட்டப்பட்டது. அதன் விளைவாகப் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்று அவ்வாலையின் உரிமை நிறுவனத்தோடு 2022 ஏப்பிரலில் செய்துகொண்டதே திண்டுக்கல் உடன்படிக்கையாம். ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவும் அதன்வழிப் பிணிப்புண்டன. தொழிலாளர் தம்முள்ளிருந்தே கண்காணிப்போரைப் பெற்று, தளத்தில் நிகழும் தொல்லையை அச்சமின்றி வெளியிடுதற்கு அது வழிசெய்தது. அதற்கு முன்னரே, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடந்தோறும் பெண்ணைத் தலைவராகக் கொண்ட உள்ளகப் புகார்க்குழு ஒன்று அமைத்தல் வேண்டுமென விதித்துள்ளது. இவற்றால் காவலுக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாடு புலனாம். வாய் திறக்க இடந்தருவது காவல். வாயை அடைப்பது சிறை.

இனி, நான்காவதும் தலையாயதுமாகிய வினை வாதத்தை எடுத்துக்கொள்வாம். நுகர்வது முன்செய்த வினையின் பயன் என்பதைச் சித்தாந்தம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வுண்மையோடு சேர்த்து அறியவேண்டுவன மூன்றுள. ஒன்று: வினை அறிவற்ற சடம், அது தானே பயனாய் வந்து பொருந்தாது, இறைவனே அதனை அறிந்து கூட்டுவன். அங்ஙனமாகவே, "இவள் வினையை நான் ஊட்டுகின்றேன்" என்று ஒருவன் கூறின், இறைவன் தொழிலைத் தான் மேற்கொண்டவனாவான். இரண்டு: அவள் நுகர்வது பிராரத்தமாயினும், அவன் செய்வது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். நுகர்ச்சி அவளது, செயல் அவனது. அவள் கணக்கைக் காட்டித் தன் கணக்கை அழித்துக்கொள்ள ஒருவனுக்கும் இயலாது. மூன்று: அருணந்திசிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் இதம், அகிதம் என்பவற்றை விளக்குமிடத்து, உயிர்கட்கு நலஞ்செய்யாது வாளா விடுதலையும் அகிதத்துள் அடக்குகின்றார். ஆகவே தீங்கிழைத்தவனேயன்றி, கண்டும் பேசாதிருந்தவனும் அக்கணக்கினின்று நீங்கான்.

அற்றேல், பிறர் வினையில் நாம் தலையிடலாமோ எனின், விடை கொங்குநாட்டிலேயே உளது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டிற்கு எழுந்தருளியிருந்தபோது, குளிர்சுரத்தால் அடியார்கள் வருந்தினர். பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் அருளி அந்நோயை நீக்கினார். வருந்துன்பத்திற்கு முன்வினையே காரணமெனச் சொல்லி அமைந்திருந்து, அதனினின்று தப்பும் நெறியைத் தேடாமை நம்மேற் குறையாகும் என்னும் கருத்தை அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே அவர் எடுத்துரைத்தல் காண்க. நெருப்பெரிச்சல் அன்பர் கூறிய மொழிக்கு இதனினும் நேரான மறுப்பு வேறு வேண்டா. வினையுண்மையைக் கூறும் சைவமே அதனைச் சோம்பலுக்குச் சாக்காக்குதலை விலக்குகின்றது.

மற்றொன்றும் உளது. திருப்பூருக்கு அணித்தாகிய அவிநாசி, புராணத்துள் புக்கொளியூர் எனப்படும். அங்கே நம்பியாரூரர் ஒரு வீதியிற் செல்லுங்கால், ஒரு மனையில் மங்கல ஒலியும் அதற்கு எதிர்மனையில் அழுகை ஒலியும் ஒருங்கே கேட்டார். உடனாடிய சிறுவர் இருவருள் ஒருவன் முன்பு முதலை வாய்ப்பட்டான். தப்பிய மற்றவனுக்கு அன்று உபநயனச் சிறப்பு. நம்பியாரூரர் மங்கல மனையில் விருந்துண்டு போயினாரல்லர். அழுத மனையின் முன் நின்று வினவினார், பாடினார், வறண்ட மடுவில் நீர் பெருகி, முதலை அம்மகனை உரிய வளர்ச்சியோடு கொணர்ந்து கரையில் உமிழ்ந்தது. "விழுங்கப்பட்டது அவன் வினை" என்று அவர் கூறியிருப்பின், வெள்ளானைச் சருக்கத்தில் அவ்வற்புதம் இடம்பெறுதல் யாங்ஙனம்?

இன்றும் அவ்வீதி அவ்வாறே உளது. ஒருபால் ஏற்றுமதியின் மங்கல ஒலி. மற்றொருபால் விடுதிச் சுவருக்குள் அடங்கிய அழுகை. தென்மாவட்டப் பெண்களேயன்றி, ஒடிசா, சார்க்கண்டு முதலிய தொலைநாடுகளிலிருந்து மொழியறியாது வந்த பெண்களும் இப்போது அத்தொழிலில் உளர். ஆலையுடையாராயினும், கணக்கராயினும், மேற்பார்வையாளராயினும், திருநீறணிந்த அன்பர் தம்மிடத்தில் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வாராக: கூலி உரிய நாளில் உரியவள் கையைச் சேர்ந்ததா? புகார்க்குழு ஏட்டளவில் நில்லாது நடைபெறுகின்றதா? விடுதியின் கதவு அவள் விரும்பும்போது திறக்கின்றதா? இவற்றிற்கு ஆமென விடையிறுக்க இயலாதவரை, சுமங்கலி என்னும் சொல்லை வாயாற் சொல்லவும் நமக்கு உரிமையின்றென்க.

திருச்சிற்றம்பலம்.