பொந்தோடு பெயர்த்தல்

மரத்தில் வாழும் டரான்டுலாச் சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பது பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வேரூன்றிவிட்ட பழக்கம். பிரித்தானிய டரான்டுலாச் சங்கம் தொடங்கியே நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. வளர்ப்பதில் பெரிய பாடு ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழி, ஒரு கிண்ணம் தண்ணீர், நல்ல காற்றோட்டம் இருந்தால் பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஆபத்தெல்லாம் ஒரே வேளையில் வந்து சேர்கிறது. சிலந்தி வளர்ந்து இருக்கும் பெட்டி போதாமல்போய், அதை வேறு பெட்டிக்கு மாற்றும் வேளை அது. சிலந்தி தப்பியோடுவதும் கால் ஒடிவதும் வளர்ப்பவர் கடிபடுவதும் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

அந்த நிமிடங்களுக்கான பாடங்கள் நிறைய இருக்கின்றன. எந்தக் கிண்ணம், எந்தத் தூரிகை, கை எங்கே இருக்க வேண்டும் என்று கைப்பழக்கத்தை அவை சொல்லித் தருகின்றன. பயனுள்ள பாடங்கள்தாம். ஆனால் அவை காலம் கடந்து வருகின்றன என்பது என் எண்ணம். பெட்டி மாற்றம் நல்லபடி முடியுமா முடியாதா என்பது, ஓராண்டுக்கு முன் பழைய பெட்டிக்குள் எதை எப்படி வைத்தோம் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

நமக்கு இதில் அக்கறை இருக்கக் காரணம் உண்டு. இந்த வளர்ப்பாளர்கள் மிகவும் விரும்பித் தேடும் பீசிலோதீரியா என்ற பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. ராமேஸ்வரத்தில் கண்டறியப்பட்ட ஓர் இனம் 2004-இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது. இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் கிடைத்த இனம் பெரிய பழைய மரங்களின் பொந்துகளில் வாழ்வது. அங்கிருந்த மருத்துவமனையின் மருத்துவர் விடுதியிலும் அதைக் கண்டெடுத்தார்கள். நீல நிறத்தால் உலகப் புகழ் பெற்ற மெட்டாலிகா இனத்தின் முதல் சிலந்தி ஆந்திரத்தின் குத்தியில் பிடிபட்டது; 1899-இல் விலங்கியலாளர் போக்காக் அதற்குப் பெயரிட்டார். பிறகு நூறாண்டு காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2001-இல் நந்தியால், கித்தலூர்ப் பக்கத்துக் காட்டில் மறுபடி தென்பட்டது. ராமேஸ்வரத்து இனமும் இந்த நீல இனமும் அற்றுப்போகும் பேராபத்தில் இருப்பவை என்ற பட்டியலில் இருக்கின்றன. 2019-இலிருந்து இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பிற்சேர்க்கையில் இருப்பதால், அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது. இப்படிப்பட்ட உயிர் ஒன்று பெட்டி மாற்றும்போது கை தவறிச் செத்தால் அதைச் சிறிய இழப்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பீசிலோதீரியாவின் உடம்பு தட்டையானது, பட்டை இடுக்கில் நுழைந்து ஒட்டிக்கொள்வதற்கென்றே அமைந்தது. வெளிச்சம் பட்டால் ஓடி ஒளியும். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பு மயிர் உண்டு; எதிரி வந்தால் அதைத் தேய்த்து உதறும். இந்தியச் சிலந்திக்கு அந்த ஆயுதம் கிடையாது. முதலில் ஓடும், ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். அந்தக் கடி உயிரைக் கொல்வதில்லை, ஆனாலும் லேசானதும் அல்ல. 2014-இல் டாக்சிகான் இதழில் சுவிஸ் மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை, அதுவரை பதிவான கடிகளைத் தொகுத்துப் பார்த்தது. கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு வந்திருக்கிறது. அதுவும் உடனே வராமல் பல மணி நேரம் கழித்து வந்திருக்கிறது. வலி அடங்கிவிட்டது என்று நினைத்துத் தூங்கப் போனவர் நள்ளிரவில் பிடிப்போடு எழுந்திருக்கக்கூடும். தென்னமெரிக்காவின் அவிகுலாரியாச் சிலந்தியை மாற்றிப் பழகியவர், அதே துணிச்சலோடு இந்த இனத்திடம் போவது தவறு. அவிகுலாரியா சிறு தாவல் தாவும், மலத்தைப் பீச்சியடிக்கும், கடிப்பது அரிது. இரண்டும் மரச்சிலந்தி என்ற ஒரே தலைப்பில் ஒரே பாடமாகச் சொல்லப்படுவதை இந்தத் துறையின் குறையாகவே பார்க்கிறேன்.

பரவலாகக் கையாளப்படும் முறை கிண்ணமும் தூரிகையும். பழைய பெட்டியைத் திறந்து, தெளிவான பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சிலந்தியின் மேல் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, புதிய பெட்டிக்குள் கொண்டுபோய் விடுவார்கள். சிலந்தி நகராவிட்டால் மென்மையான தூரிகையால் பின்காலைத் தொடுவார்கள். இதன் நிறைகளை மறுக்க முடியாது. சிலந்தி முழுதாகக் கண்ணில் படுவதால் வயிறு சுருங்கியிருக்கிறதா, கால் குறைந்திருக்கிறதா, உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பூஞ்சை பிடித்த மண்ணும் அழுகிய இரை எச்சமும் பழைய பெட்டியோடே தொலைந்துபோகும். வேலையும் விரைவில் முடியும். தரையில் வாழும் மந்தமான இனங்களுக்கு இதைவிட நல்ல முறை தேவைப்படாது.

மரச்சிலந்திக்கு இந்த முறை அடிப்படையிலேயே பொருந்தாமல் போகிறது. கிண்ணம் கவிழ்க்க வேண்டுமானால் சிலந்தி வெளியில், சமதளத்தில் இருக்க வேண்டும். அது இருப்பதோ பட்டைக்குப் பின்னால், தன் நூலால் பின்னிய குழலுக்குள். ஆகவே முதல் வேலை அதைப் பொந்திலிருந்து விரட்டுவதாக ஆகிவிடுகிறது. விரட்டப்பட்ட மரச்சிலந்திக்குத் தெரிந்த தப்பும் வழி பெரும்பாலும் மேல்நோக்கியது. திறந்த பெட்டியில் மேலே இருப்பது தூரிகை, தூரிகைக்கு மேலே கை, கைக்கு மேலே தோள். சிலந்தி தோளில் ஏறிய பிறகு மனிதர் செய்யும் முதல் காரியம் உதறுவது, உதறினால் விழும், விழுந்தால் வயிறு பிளக்கலாம். தரைச்சிலந்தியைவிட மரச்சிலந்தி உடல் இலேசானது என்பது ஓரளவு ஆறுதல், அவ்வளவுதான். தூரிகைக்குப் பதில் உலோக இடுக்கியால் நெருடுவோர் சிலந்தியின் நச்சுப்பல் உடையும் அபாயத்தையும் சேர்த்து வரவழைக்கிறார்கள். தடித்த கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு போய், சிலந்தியை நசுக்கிவிடும் ஆபத்து கூடும்.

குஞ்சுகளை வளர்க்கும் சிறு டப்பாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றுக்கு மூடி மேலே. மரச்சிலந்திக் குஞ்சு வீடு பின்ன விரும்புவதும் மேல் மூலையில், பல நேரம் மூடியோடு சேர்த்தே. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அதன் கூரை கிழிகிறது. இரை போடவே இந்தப் பாடு என்றால், மாற்றும் நாளில் எப்படி இருக்கும்? திறந்த கணமே சிலந்தி வெளியில் இருக்கிறது. இதற்கு எந்தக் கைத்திறனும் மருந்தாகாது. குஞ்சை வைத்த முதல் நாளில், டப்பாவில் கால்வாசி உயரத்துக்கு மண்ணும், அதில் நட்டுவைத்த தக்கைப்பட்டைத் துண்டும், அதன் அடியில் ஒரு சிறு பள்ளமும் இருந்திருந்தால், பல குஞ்சுகள் கீழேயே குடியேறியிருக்கும். எல்லாக் குஞ்சும் அப்படிச் செய்யாது. செய்கிறவற்றைக் காப்பாற்ற அந்தச் சிறு ஏற்பாடு போதும்.

சிலந்தியைக் குளிர்வித்து மந்தமாக்கிப் பிறகு மாற்றலாம் என்போரும் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. 2015-இல் ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, டெக்சஸ் பழுப்பு டரான்டுலாவை 15 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை பல வெப்பநிலைகளில் ஓடவிட்டு அளந்தது. வெப்பம் கூடியபோது வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கானது; ஆனால் கால் மூட்டுகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவது குறைந்தது. சிலந்தியின் கால் நீள்வது உடல்திரவத்தின் அழுத்தத்தால். வேகம் மிகும்போது அந்த ஏற்பாடு ஈடுகொடுக்கத் திணறுகிறது. ஆக, வெயில் ஏறிய பிற்பகலைவிட அறை இதமாக இருக்கும் காலையில் மாற்றுவது இரு தரப்புக்கும் நல்லது. இந்தப் புரிதலை இழுத்துக்கொண்டுபோய்ச் சிலந்தியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வெப்பநிலத்து உயிரை அப்படி உறைய வைப்பது நம் வசதிக்காக அதன் உயிரைப் பணயம் வைப்பது.

பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பை வழியாகவே கையாளுவது, வடிகாலை அடைத்த குளியல் தொட்டிக்குள் வைத்து வேலை செய்வது, அடி வெட்டிய குளிர்பானப் புட்டியைப் பொந்து வாயில் பொருத்தி அதற்குள் ஓடவிடுவது என்று வேறு உத்திகளும் இருக்கின்றன. மூன்றுமே சிலந்தி தப்பினால் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை சொல்கின்றன. அது ஏன் தப்ப நினைக்கிறது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை.

அந்தக் கேள்வியைத் தொடுகிற முறை பொந்தோடு பெயர்ப்பது. சிலந்தி குடியிருக்கும் தக்கைப்பட்டைக் குழலின் இரு வாயையும் பஞ்சாலோ துணியாலோ மெல்ல அடைத்து, குழலோடு தூக்கிப் புதிய பெட்டியில் நிறுத்தி, கதவைக் கிட்டத்தட்ட மூடிய பின் அடைப்பை எடுப்பார்கள். பகலில், விளக்கு எரியும்போது செய்தால் சிலந்தி தானாகவே குழலின் ஆழத்தில் ஒடுங்கியிருக்கும். மற்ற முறைகளில் பகையாக இருக்கும் அதன் வெளிச்ச அச்சம் இங்கே துணையாகிறது. அது வெளியே வராததால் ஓடவும் இல்லை, கடிக்கவும் இல்லை. அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. சிலந்தியின் உலகம் பெரும்பாலும் அதிர்வால் ஆனது. கால்களின் உணர்மயிரும் நுண்பிளவுகளும் நூலின் வழியே வருவதைத்தான் படிக்கின்றன. கிண்ணத்தில் வந்த சிலந்தி, நூலில்லாத பெட்டியின் மூலையில் கால்களை ஒடுக்கிக்கொண்டு நாள்கணக்கில் இரை தொடாமல் உட்கார்ந்திருக்கும். பொந்தோடு வந்தது தன் நூலிலேயே இருக்கிறது.

நானும் இந்த முறையின் பக்கந்தான். ஆனால் இதை ஆதரிப்பவர்கள் இதன் குறைகளைச் சொல்லக் கேட்டது குறைவு. பூஞ்சையும் உண்ணியும் பழைய மண்ணும் குழலோடு கூடவே வந்துவிடும். சுத்தம் கெட்டதற்காகத்தான் மாற்றுகிறோம் என்றால் மாற்றியும் பயனில்லை. குழலில் பட்டை வெடித்த இடுக்கு ஒன்று கண்ணில் படாமல் இருந்துவிட்டால், தூக்கிய கையின்மேலேயே சிலந்தி வந்து நிற்கும். இப்படி நேர்வதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அடைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை குழலின் நடுவில் இருக்கிறது. சிலந்தி மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போனால் நோயும் மெலிவும் தெரிவதில்லை. சிலந்தி பெருத்துக் குழல் சிறுத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கு, புதிய பெட்டியில் இன்னொரு பெரிய குழலையும் முன்கூட்டியே நிறுத்திவைத்து, சிலந்தி அதற்குக் குடிபோன பிறகு பழையதை எடுப்பதே ஒரே விடை. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இவ்வளவுக்கும் முதல் தேவை, பழைய பெட்டியில் எடுக்கக்கூடிய குழல் ஒன்று இருப்பது. சுவரில் பசை வைத்து ஒட்டிய பட்டையும் அழகுக்காகக் குறுக்கும் நெடுக்கும் செருகிய கிளைகளும் உள்ள பெட்டியில், பொந்தோடு பெயர்க்க வழியே இல்லை. படத்துக்கு அழகாக இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

எத்தனை முறை மாற்றலாம் என்பதிலும் வழக்கத்தைக் கேள்வி கேட்க இடமிருக்கிறது. குஞ்சுக்கு ஒரு டப்பா, இளையதற்கு ஒரு நடுத்தரப் பெட்டி, முழு வளர்ச்சிக்கு முப்பது சென்டிமீட்டர் அகலமும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிப் பெட்டி என்ற மூன்று படி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஒரு சென்டிமீட்டர்க் குஞ்சைப் பெரிய பெட்டியில் விட்டால் அது தின்கிறதா, இருக்கிறதா என்றே தெரியாது. ஆகவே முதல் படி நியாயமானது. நடுப் படியைத்தான் விட்டுவிடலாம் என்கிறேன். காலை விரித்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் வரும் பீசிலோதீரியா வேட்டையில் தேர்ந்தது. அதை நேராக இறுதிப் பெட்டிக்கே அனுப்பிவிட்டால், வளர்ந்து வேகமும் நஞ்சும் கூடிய வயதில் அதை மறுபடி தொட வேண்டியதில்லை.

தொடக்கூடாத காலங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு கிடையாது. தோலுரிக்கப் போகும் சிலந்தி இரையை மறுத்து, பொந்து வாயை நூலால் அடைத்துக்கொள்ளும். உரித்த பிறகு நச்சுப்பல் வெள்ளையாக, மென்மையாக இருக்கும்; அது கறுத்து இறுகும்வரை காத்திருக்க வேண்டும். முட்டைப்பையை அணைத்திருக்கும் தாயைக் கலைத்தால் அது தன் முட்டைகளையே தின்றுவிடக்கூடும். மாற்றக் கூடாத காரணம் ஒன்றும் உண்டு. நீலச் சிலந்தி வாங்கியவருக்கு அந்த நிறத்தைப் பார்க்கும் ஆசை இருப்பது இயல்பு. ஆனால் மறைவிடம் குறைந்த, எல்லாப் பக்கமும் தெரியும் பெட்டிக்கு அதற்காகவே மாற்றுவது சிலந்தியின் தேவை ஆகாது. மறைவிடம் கெட்டால் அது இன்னும் பதுங்கும், இன்னும் வெருளும்.

மாற்றி முடித்த முதல் இரவே இரையை உள்ளே விடும் அவசரத்தையும் நிறுத்த வேண்டும். தின்னப்படாத சுவர்க்கோழி பெட்டியில் சுற்றிக்கொண்டே இருந்து, தோலுரித்துத் தளர்ந்து கிடக்கும் சிலந்தியைக் கடித்துக் குதறிவிடும். ஒரு வாரம் பொறுக்கலாம். தண்ணீர் மட்டும் முதல் நாளே இருக்க வேண்டும், ஏனென்றால் உடல்திரவம் வற்றினால் கால் நீளாது. மரச்சிலந்தி கீழே இறங்காது என்று நம்பிக் கிண்ணத்தைச் சுவரின் மேலே ஒட்டிவைப்போர் இருக்கிறார்கள். அதை நிரப்பும் ஒவ்வொரு முறையும் கை பொந்தின் வாயருகே போகிறது. பீசிலோதீரியா இரவில் தரைக்கு இறங்கியும் குடிக்கும். கனமான கிண்ணம் ஒன்றைத் தரையில், பொந்துக்கு எதிர் மூலையில் வைத்தால் போதும்.