கடற்கரை ஊருக்கு எந்தப் பழைய கார்?

பழைய கார்களைச் சேகரிப்போர் இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது அழகு, வேகம், விலை ஆகிய மூன்றையே பேசுகின்றனர். துருவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. காயல்பட்டினம் போன்ற ஊரில் சேமிப்பைச் செலவிட்டு ஒரு காரை வாங்கி நிறுத்துபவருக்கோ அதுவே முதற் கேள்வி.

நம் நாட்டில் உருவான இரு ஐரோப்பிய வண்டிகளை இந்த நோக்கில் ஆராய்வோம். ஒன்று, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. 1961 முதல் சென்னையை அடுத்து இரு கதவுகளுடன் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாராயிற்று. மற்றது இத்தாலியின் ஃபியட் 1100. மும்பையில் தயாரான இது பின்னர் ‘பத்மினி’ எனப் பெயர் பெற்றது.

அழகில் ஹெரால்டே முந்தும். அதை வரைந்தவர் இத்தாலியக் கலைஞர் மிக்கலோட்டி. சுமார் 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடுவதால் குறுகிய தெருக்களுக்கும் அது ஏற்றது. ஓட்டத்தில் ஃபியட் முந்தும். ஹெரால்டின் எஞ்சின் 948 கன செ.மீ.; ஃபியட்டினுடையது 1089. மேலும் ஹெரால்டின் பின் அச்சு இரு பாதிகளாக நடுவிலிருந்து ஊசலாடுவது. வேகமாக வளையும்போது பின்புறம் மேலெழுந்தால், வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடங்கித் தரைப்பிடிப்பை இழக்கும். ஃபியட்டின் ஒரே திண்மையான அச்சில் இந்த ஆபத்து இல்லை.

இனி துருவுக்கு வருவோம். காயல்பட்டினத்துக்கு ஒருபுறம் கடல். அருகே ஆறுமுகநேரி உப்பளங்கள். காற்றில் வரும் உப்புத்துகள் தகட்டில் படிகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. கரைசல் நல்ல மின்கடத்தி. துருப்பிடித்தலோ ஒரு மின்வேதி வினை. ஆகவே மழையே பெய்யாத இரவிலும் இரும்பு அரிக்கப்படுகிறது.

ஃபியட்டுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே பாரம் தாங்குகிறது. எடை குறையும் என்பது இதன் சிறப்பு. ஆனால் கதவுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற விளிம்புக்குள் துரு புகுந்தால் வண்டியின் முதுகெலும்பே தேய்கிறது என்று பொருள். ஹெரால்டுக்கு ‘சேசிஸ்’ எனப்படும் அடிச்சட்டம் தனியே உண்டு. உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டவை. முழுக்கூடு செய்து தர ஆலை கிடைக்காத நிலையில், பகுதி பகுதியாகச் செய்து இணைக்க வேண்டியதாயிற்று என்பதும் இதற்கு ஒரு காரணம். அன்றைய அந்த நெருக்கடி இன்றைய சேகரிப்பாளருக்கு வரமாகியுள்ளது! அழுகிய பகுதியைக் கழற்றிச் செப்பனிடலாம். அடிச்சட்டத்தின் பக்கக் கைகளும் துருப்பிடிக்கும். எனினும் அவற்றைக் கண்ணால் பார்த்து எட்டிப் பழுதுபார்க்க இயலும்.

ஹெரால்டு உற்பத்தி 1970-களிலேயே நின்றது. உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். பத்மினியோ மும்பையில் 2023 வரை டாக்சியாக ஓடியது. ஆகவே நாள்தோறும் ஓட்டவும், உள்நாட்டு ஊரில் வைத்திருக்கவும் ஃபியட்டே தக்கது. கடற்கரையில் நீண்டகாலம் பாதுகாக்க ஹெரால்டே மேல் என்பது என் முடிவு.

எதை வாங்கினாலும் ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். கதவின் கீழ் விளிம்பு நெடுக அதை நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பன்று. பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டியே. அங்கே பளபளப்பைக் கண்டு ஏமாறாதீர்கள்.