மாம்பலகையில் ஏறும் நிறம்

வீட்டில் செய்த முக்காலிக்குப் பெயிண்ட் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெயிண்ட் மரத்தை மூடிவிடும். ஸ்டெயின் என்ற மரச்சாயம் உள்ளே இறங்கி, அதுவரை தெரியாத ரேகைகளை வெளியே கொண்டுவரும். வெளிறிக் கிடக்கும் மாம்பலகையில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்து, மிச்சத்தை உடனே துடைத்துப் பாருங்கள்: தேக்குக்கே பொறாமை வரும்.

எல்லாம் உப்புத்தாளில் இருக்கிறது. 120-ஆம் எண் தாளில் தொடங்கி 180, 220 என்று போக வேண்டும், ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே விழுந்த கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்குப் படாது. நிறம் ஏறியதும் கோள் சொல்லிவிடும். பசை வழிந்து காய்ந்த இடத்தில் நிறமே பிடிக்காது, வெள்ளைத் திட்டாக நிற்கும். பலகையின் வெட்டுமுனை நேரெதிர். மரத்தில் நீர் ஏறிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்திருப்பதால் ஸ்டெயினை உறிஞ்சிக் கறுத்துப்போகும். அந்த முனையை மட்டும் இன்னும் நைசாகத் தேய்த்தால் ஓரளவு அடங்கும்.

ஸ்டெயின் நிறம்தான் தரும், காப்பு தராது. மேலே என் தேர்வு அரக்கு பாலிஷ். புரச மரத்தில் வாழும் பூச்சி சுரக்கும் அரக்கைச் செதிலாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தது. பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டு, கை நிற்காமல் இழுக்க வேண்டும், நின்றால் ஒட்டும். சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும்தான். இருந்தாலும் பாலியூரித்தேனின் பிளாஸ்டிக் மினுக்கத்தைவிட இந்தப் பளபளப்பு கண்ணுக்கு இதம். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு வெளுத்துவிடும். சென்னைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் புட்டியைத் திறக்காமலிருப்பது நல்லது.