சி கேட்டாள், பி சம்மதித்தாள்

பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் தகவலை வாங்குவதற்கு முன்னால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். எப்படிச் சரிபார்ப்பது என்று 2025 நவம்பரில் வந்த விதிகள் சொல்கின்றன. என் குறை அந்த 'எப்படி'யில்தான்.

10ஆம் விதியில் நான்கு உதாரணங்கள். பிள்ளைக்கு 'சி', பெற்றோருக்கு 'பி' என்று பெயர். இரண்டில் சி தானே முன்வந்து "நான் சின்னப் பிள்ளை" என்று ஒப்புக்கொள்கிறாள். மற்ற இரண்டில் பி தானே வந்து பிள்ளைக்குக் கணக்கு திறக்கிறாள். இப்படி ஒரு சியை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

இவர்களைப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்குக் கூட்டிப் போவோம். அப்பா விடியறதுக்கு முன்னாடியே படகில் போய்விட்டார். அம்மா மீன் கூடையோடு பொன்னேரிப் பக்கம். வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அது சியின் கையில். அம்மாவுக்கு அதில் எல்லாக் கணக்கையும் திறந்து கொடுத்ததே அவள்தான். ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும். டிஜிலாக்கர் வழியாகச் சரிபார்த்தாலும் கதை அதேதான். சி கேட்கிறாள், பியின் பெயரில் சியே சம்மதிக்கிறாள். நிறுவனத்தின் பதிவேட்டில் எல்லாம் முறைப்படி நடந்திருக்கும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, "அம்மாவே ஒத்துக்கிட்டாங்களே" என்று அதைக் காட்டலாம்.

இன்னொன்று. பி என்பவர் அடையாளம் காணக்கூடிய, வயது வந்த ஆளா என்பதைத்தான் விதி சரிபார்க்கச் சொல்கிறது. சியின் அம்மாதானா என்பதை அல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் போதும். அதையும் சோதி என்று கேட்கப் பயமா இருக்கு. மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: அப்புறம் குடும்பத்தின் ஆவணம் முழுக்க அந்த நிறுவனத்திடம் போய்ச் சேரும்.

அமெரிக்காவில் 1998 சட்டப்படி இந்த வயது வரம்பு 13. ஐரோப்பாவில் 16, நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். நமக்கு 18. கல்லூரி தேடும் 17 வயதுப் பெண்ணும் பியைத் தேட வேண்டும்.

9ஆம் பிரிவிலேயே நல்ல பகுதி ஒன்று இருக்கு. பிள்ளைகளைப் பின்தொடரக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது. குப்பத்துச் சியைக் காப்பாற்றினால் இதுதான் காப்பாற்றும், ஏன்னா இதற்கு யாருடைய ஓடிபியும் வேண்டாம். ஆனால் இதற்கும் நான்காம் அட்டவணையில் விலக்குகள் உண்டு. கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் பள்ளிகள் பின்தொடரலாம். கல்விப் பணி என்பது எதுவரை என்று விதி சொல்லவில்லை. இவை நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில். அதற்குள் திருத்த வேண்டியது இந்த வரியைத்தான்.